பின்சக்கரம் மட்டும்

மூன்று நாளாகக் காற்று.
பத்தகோனியாவில் இது ஒரு செய்தியே அல்ல.
கதவைத் திறந்தால் கைப்பிடியை விட்டுவிடாதே
என்பார்கள், அவ்வளவுதான்.

கால்நடை மருத்துவர் நேலிதா குர்ருவிங்கா
ரொட்டித் துணுக்குகளை ஒதுக்கிவிட்டுச்
சமையல் மேசையில் பின்சக்கரத்தைக் கிடத்தியிருக்கிறாள்.
உருவிப்போட்ட ட்யூப் தரையில்
குடல் மாதிரிக் கிடக்கிறது. அவளுக்குக் குடல் தெரியும்.
ஒன்பது ஒட்டு.
ஒவ்வொன்றும் சரளைச் சாலையில்
முழங்காலிட்ட ஒரு மணி நேரம்.
கடைசி ஒட்டு ஒரு கன்றின் உயிர்.
அந்தப் பண்ணைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை,
மாத்தே குவளையை நீட்டினார்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

முப்பத்தாறு கம்பிகள்.
ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்கிறாள்.
ணங், ணங், ணங்.
இருபத்திரண்டாவது மட்டும் தொப்.
கால் சுற்று இறுக்கினாள்,
பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினாள்.
கோட்டத்தை இப்போதே எடுத்துவிட வேண்டும்.
பசை பூசிய பிறகு திருகினால்
அடைத்ததெல்லாம் கிழியும்.
(சமாதானம் பேச வருகிறவர்கள்
இந்த வரிசையைத்தான் மாற்றிவிடுகிறார்கள்.)

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து
கம்பித்தலை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுப் பசை.
பிறந்த குட்டியின் கண்ணில் மருந்து விடும் அதே விரல்.
இருபத்து நான்கு மணி நேரம் காய வேண்டும் என்கிறது டப்பா,
எந்த ஊர் வெயிலில் என்று சொல்லவில்லை.
அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளுகிறாள்.

பக்கத்து வீட்டு எவரிஸ்தோ எட்டிப் பார்க்கிறார்.
"சல்லடையில் காற்றைப் பிடிக்கப் போகிறாயா?"
"ஆமாம்."
"முன்சக்கரம்?"
"அந்த ரிம்முக்குள் டயரைக் கவ்வ வரப்பு இல்லை.
காற்றிறங்கினால் டயர் உள்ளே சரிந்துவிடும்.
அது ட்யூபோடேயே இருக்கட்டும்."
"பாதி நம்பிக்கை" என்று சிரித்தார்.
"பாதி வண்டி" என்றாள்.

மறுநாள் மாலை
கம்ப்ரஸரின் ஒரே மூச்சில் டயர்
டப், டப் என்று இரு பக்கமும் உட்கார்ந்தது.
சோப்புத் தண்ணீர் தடவினாள்.
முப்பத்தைந்து கம்பிகள் வாய் திறக்கவில்லை.
இருபத்திரண்டாவதில் ஒரு குமிழி,
கடுகளவு,
வளர்ந்து, வானவில் காட்டி, உடைந்து,
மறுபடி.
அவள் திட்டவில்லை. கடிகாரம் பார்த்து எண்ணினாள்.
நிமிடத்துக்கு இரண்டு.

இரண்டு நாற்காலி முதுகுகளுக்கு நடுவே
அச்சோடு தொங்கவிட்டுச் சுற்றிவிட்டாள்.
எத்தனை சுற்று சுற்றினாலும்
கனத்த இடம் தரையைத் தேடி வந்து நின்றது.
அதற்கு நேரெதிர்க் கம்பியில் ஐந்து கிராம் ஈயம்.
இன்னொரு ஐந்து.
அதற்கும் மேல் இல்லாமல்
தூண்டில் ஈயம் ஒன்றை நசுக்கிக் கட்டினாள்.
மீண்டும் சுற்ற, வால்வு அடுப்பைப் பார்த்து நின்றது.
அடுத்த முறை ஜன்னலை.
அதற்கடுத்து அவளையே.
எங்கே நிற்பது என்பதில்
சக்கரத்துக்குப் பிடிவாதம் தீர்ந்துபோயிருந்தது.

இரவு பத்தேகாலுக்கு ரேடியோ கரகரத்தது.
எழுபது கிலோமீட்டர். பெட்டைக் குதிரை.
குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே.

ஒன்றரை மணி நேரம், நிமிடத்துக்கு இரண்டு,
நூற்றெண்பது கடுகு.
ஒரு டயருக்குள் எத்தனை கடுகு பிடிக்கும்?
சக்கரத்தை மாட்டினாள். பெட்டியில் கைப்பம்பு.
அதன் கீழே, யாரும் பார்க்காதபோது,
ஒன்பது ஒட்டு போட்ட ட்யூபையும் மடித்து வைத்தாள்.

இருட்டில் சரளை.
எழுபதைத் தொட்டதும்
இருக்கை வழியாக முதுகுத்தண்டில் ஏறும்
அந்தப் பழைய நடுக்கத்துக்காகக் காத்திருந்தாள்.
வரவில்லை.
வராததை எதிர்பார்த்தே பாதி வழி போயிற்று.

பண்ணை வாசலில் எஞ்சினை அணைத்து
எச்சில் தொட்டு இருபத்திரண்டாவது கம்பியடியில் வைத்தாள்.
குமிழி வருவதற்குள்
காற்று எச்சிலைக் காயவைத்துவிட்டது.

லாந்தர் ஒன்று ஓடி வந்தது.
கை கழுவ வெந்நீர் கேட்டாள்.